கடைசி லிட்டரின் கணக்கு

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது சாயத்தின் நிறம் என்றே வெளியூர்க்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். ஒரு நாள் சிவப்பு, மறுநாள் ஊதா என்று ஆறு ஓடிய படங்கள்தானே பத்திரிகைகளில் வந்தன. ஆற்றோரத்து ஒரத்துப்பாளையம் பக்கத்துத் தோப்புக்காரரைக் கேட்டால் நிறத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். கிணற்றில் ஏறிய உப்பைப் பற்றித்தான் சொல்வார். நிறத்தை எடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்து படியவிட்டால் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். திருப்பூரில் முதலில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் செய்தது அதைத்தான். தண்ணீர் தெளிந்து வெளியே போனது. உப்பும் கூடவே போனது.

துணிக்குச் சாயம் போட உப்பு எதற்கு? பருத்தி தண்ணீரில் நனைந்தால் அதன் மேல் லேசான எதிர்மின்னூட்டம் இருக்கும். திருப்பூரில் அதிகம் புழங்கும் ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சாதா உப்போ, கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) போட்டால் அதிலுள்ள சோடியம் இடையில் நின்று அந்தத் தள்ளலை அடக்கும். சாயம் நூலுக்குள் இறங்கும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கறுப்பு, நேவி புளூ போன்ற அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம்கூடப் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 640 கிராம் உப்பு. இதில் துணியோடு போவது எதுவுமே இல்லை. வேலை முடிந்ததும் மொத்த உப்பும் சாக்கடைக்குத்தான். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒருவர் கறுப்பு டீ-ஷர்ட் வாங்கினால், சட்டையின் எடையில் பாதிக்கு மேல் உப்பு இங்கே தங்கிவிடுகிறது.

அது தங்கிய இடங்களில் ஒன்று ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி, 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. அணையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து விவசாயிகள் பயந்த விசித்திரம் அங்கே நடந்தது. நீதிமன்ற உத்தரவின்பேரில் சேதத்தைக் கணக்கிட்ட ஆணையம் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்றது. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 8,700 ரூபாய்கூட வராது. உப்பேறிய கிணற்றுக்கு அது என்ன விலை?

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சாயப்பட்டறையிலிருந்து ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது. அந்த நிலை வரும்வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அப்படியும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள், சலவைப்பட்டறைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாவற்றையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. துணி சாயம் ஏற வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் லாரியில் போனது.

‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று சட்டம் இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம். அந்தப் பூஜ்ஜியத்துக்குள் என்ன செலவு ஒளிந்திருக்கிறது என்பதை இயற்பியல்தான் சொல்லும். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சாயக்கழிவில் லிட்டருக்கு 5,000 முதல் 7,000 மில்லிகிராம் வரை உப்பு கரைந்திருக்கும். ஆற்றில் விட அனுமதித்த அளவோ 2,100. நுண்ணுயிர்களை வைத்து அழுக்கைத் தின்னச் செய்யலாம். அவை உப்பைத் தொடாது. உப்பை எடுக்க ஆர்.ஓ. (எதிர் சவ்வூடு பரவல்) வேண்டும். சவ்வின் ஒரு பக்கம் அழுத்தம் கொடுத்தால் நல்ல தண்ணீர் மறுபக்கம் கசியும். அது திரும்பப் பட்டறைக்கே போகிறது. ஆனால் நல்ல தண்ணீர் வெளியேற வெளியேற, மிச்சம் நிற்பதில் உப்பின் அடர்த்தி கூடும். கூடக்கூட, அதற்கு மேல் தண்ணீரைப் பிழிய அழுத்தமும் கூடவேண்டும். 85 சதவீதம் எடுத்துவிட்டால் மிச்சமுள்ள 15 சதவீதம் கிட்டத்தட்ட கடல்நீர் அளவுக்குக் கரிப்பு. இதைத்தான் நிலையங்களில் ‘ரிஜெக்ட்’ என்கிறார்கள். தண்ணீர் பிரச்சினை இங்கே முடிந்து, வெப்பப் பிரச்சினை தொடங்குகிறது. இனிமேல் கொதிக்கவைத்துத்தான் தண்ணீரைப் பிரிக்கவேண்டும்.

30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 293 கிலோஜூல் போதும். அதே 100 டிகிரித் தண்ணீரை ஆவியாக்க இன்னும் 2,257 வேண்டும். பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான். சூடேற்றுவதைப் போல ஏழெட்டு மடங்கு செலவு, வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமலே போய்விடுகிறது. மின்சாரக் கணக்கில் 1,000 லிட்டரை ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல்.

விறகுக் கணக்கில் பார்த்தால் இன்னும் உறைக்கும். திருப்பூர் பாய்லர்கள் பெரும்பாலும் விறகில் ஓடுபவை. ஒரு கிலோ காய்ந்த விறகு, பாய்லரின் இழப்புகள் போக, சுமார் 4 லிட்டரை ஆவியாக்கும். நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் கழிவு வரும் நிலையம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஆர்.ஓ.வுக்குப் பின் மிச்சம் ஏழரை லட்சம் லிட்டர். அதைச் சும்மா கொதிக்கவைத்தால் தினமும் 190 டன் விறகு வேண்டும். ஆற்றைக் காப்பாற்றக் காட்டை எரித்த கதையாகிவிடும்.

யாரும் அப்படிச் சும்மா கொதிக்கவைப்பதில்லை. முதல் பாத்திரத்தில் எழுந்த ஆவியை இரண்டாவது பாத்திரத்தைச் சூடாக்க அனுப்புவார்கள். இரண்டாவதில் காற்றழுத்தம் குறைவு. அதனால் அதிலுள்ள தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அதன் ஆவி மூன்றாவதற்கு, மூன்றாவதன் ஆவி நான்காவதற்கு. ஒரு டன் நீராவி ஏறக்குறைய மூன்று டன் தண்ணீரை ஆவியாக்கிவிடும். 190 டன் விறகு 60-க்கு வந்துவிடும். அப்போதும் நாளைக்கு ஆறு லாரி லோடு. மேலும், கடைசிப் பாத்திரத்து ஆவியைக் குளிர்நீர் விட்டு வீணாகத்தான் குளிரவைக்கவேண்டியிருக்கிறது.

அந்த ஆவியிலும் போட்ட வெப்பம் அப்படியே இருக்கிறதே, அதையே திரும்பப் பயன்படுத்தினால் என்ன? நல்ல கேள்வி. ஆனால் 100 டிகிரி ஆவியால் 100 டிகிரித் தண்ணீரைச் சூடாக்க முடியாது. வெப்பம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். இங்கே மேடே இல்லை. மேட்டை உண்டாக்குவது கம்ப்ரசர். ஆவியை அழுத்தினால் அது 108, 110 டிகிரியில் குளிர்ந்து நீராகும் நிலைக்கு வரும். அதைக் குழாய்களின் மறுபக்கம் விட்டால் தன் உள்ளுறை வெப்பத்தை உப்புத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு நல்ல தண்ணீராகச் சொட்டும். புதிதாகக் கொடுக்கவேண்டியது அந்த எட்டுப் பத்து டிகிரி ஏற்றத்துக்கான வேலை மட்டும்: 1,000 லிட்டருக்குச் சில பத்து யூனிட். 40 என்று தாராளமாக வைத்தாலும், நாம் கற்பனை செய்த நிலையத்துக்கு நாளைக்கு 30,000 யூனிட். சும்மா கொதிக்கவைப்பதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதுதான் ஹீட் பம்ப். வெப்பத்தை அது உண்டாக்குவதில்லை. தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்துக்கு ஏற்றிவிடுகிறது. நம் வீட்டு ஃப்ரிட்ஜும் இதே இனம்தான். உள்ளேயிருந்து எடுத்த சூட்டைப் பின்பக்கம் கொண்டுவந்து விடுகிறது.

அப்படியானால் எல்லாரும் இதற்கே மாறிவிடலாமே என்று தோன்றும். உப்பு அதற்கு இடம் கொடுக்காது. உப்புத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. அடர்த்தி ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும். சாதா உப்பு இனிக் கரையாது என்ற நிலையில் அது 109 டிகிரியைத் தொடும். கம்ப்ரசர் ஏற்றிக்கொடுத்த எட்டுப் பத்து டிகிரியை உப்பே விழுங்கிவிட்டால், பாய வெப்பத்துக்கு மேடு எங்கே? ஆகவே தொடக்கக் கட்டத்துக்குக் கம்ப்ரசர், முடிவுக் கட்டத்துக்குப் பாய்லர் நீராவி என்று இரண்டையும் கலந்து ஓட்டவேண்டியிருக்கிறது. கடைசி லிட்டர்தான் எப்போதும் அதிக விலை. இன்னொன்றும் உண்டு. கம்ப்ரசருக்கு மின்சாரம் வேண்டும். மூடிய பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த 2012-இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு பாதி நாள் இருட்டில் கிடந்தது. டீசல் ஜெனரேட்டரில் தண்ணீர் காய்ச்சிய நிலையங்களின் செலவுப் பட்டியலை நினைத்தாலே தலை சுற்றும்.

என்னைக் கேட்டால், திருப்பூர் கற்ற நல்ல பாடம் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரில் இல்லை; காய்ச்சவேண்டிய தண்ணீரைக் குறைத்ததில் இருக்கிறது. பல்லடம் சாலை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒரு வழியை ஓட்டிக் காட்டியது. ரிஜெக்டிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, உப்புக் கரைசலாகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்பினால் என்ன? சாயம் போட எப்படியும் உப்புத் தண்ணீர்தானே வேண்டும்! காய்ச்சி உப்பைப் பிரித்து, அதையே மறுபடி தண்ணீரில் கரைப்பது வீண்வேலை.

சாதா உப்புக்குப் பதில் கிளாபர் உப்பைப் போடும் இடங்களில் இன்னொரு சௌகரியமும் உண்டு. 32 டிகிரித் தண்ணீரில் அது ஏராளமாகக் கரையும். பூஜ்ஜியத்தை நெருங்கினால் பத்தில் ஒரு பங்குதான் கரையும். கரைசலைக் குளிரவைத்தால் உப்பு படிகமாக விழுந்துவிடும், கொதிக்கவைக்கவே தேவையில்லை. ஒரு லிட்டரை 30 டிகிரி குளிர்விக்க எடுக்கவேண்டிய வெப்பம் 125 கிலோஜூல் அளவில்தான்; படிகம் விழும்போது வெளிவரும் வெப்பத்தைச் சேர்த்தாலும் ஆவியாக்கும் செலவின் பக்கத்திலேயே வராது. இங்கேயும் வேலை செய்வது அதே கம்ப்ரசர், இம்முறை சூட்டை வெளியே தள்ளுகிறது. இத்தனைக்குப் பிறகும் சாதா உப்பும் சல்பேட்டும் சாயமும் கலந்து, எதற்கும் உதவாத ஒரு கலப்பு உப்பு மிஞ்சும். கரையாமல் கூரைக்கடியில் வைத்துக் காக்கவேண்டிய மூட்டைகள் அவை.

பட்டறைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் ஹீட் பம்ப் விற்கிறார்கள். காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீரில் ஏற்றும் ரகம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும். கொங்கு நாட்டு வெயிலில் நன்றாகவே ஓடும். ஆனால் கிராமத்து வீட்டுக்கு நான் வாங்கச் சொல்லமாட்டேன். ஒரு வாளித் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர அரை யூனிட்தான். நாலு பேர் வீட்டில் நாளைக்கு ஒன்றேகால் யூனிட் மிச்சமானால் அதிகம். ஒரு பகுதி மின்சாரம் இலவசமாக வரும் வீட்டில் அந்தப் பெட்டியின் விலையை எப்போது எடுப்பது? 500 தொழிலாளர் தங்கும் பனியன் கம்பெனி விடுதியில் கணக்கே வேறு: தினமும் 150 யூனிட் மிஞ்சும். அங்கே போடலாம்.

கிராமத்து வீட்டுக்கு முதலில் வேண்டியது கழிவுநீர் போக ஒழுங்கான வழி. குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீரில் உப்பு அதிகமில்லை, ஆர்.ஓ.வும் வேண்டாம், எவாப்பரேட்டரும் வேண்டாம். மண் வாகான இடத்தில் ஓர் உறிஞ்சு குழி போதும். நகரத்தில் பாதாளச் சாக்கடையும் சாதாரண நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பும் போதும். சாயக்கழிவு, வீட்டுக் கழிவு இரண்டில் சுலபமானது வீட்டுக் கழிவுதான். ஆனால் கடினமானதற்குத்தான் முதலில் தீர்வு வந்தது. சாயப்பட்டறைக்கு முதலாளி உண்டு, சங்கம் உண்டு, வழக்கில் பெயர் சேர்க்க முடிந்தது, பூட்டுப் போட முடிந்தது. லைன் வீட்டுக் குளியலறையை எந்த நீதிமன்றம் சீல் வைக்கும்? கோவையிலிருந்தே வீட்டுக் கழிவை வாங்கிக்கொண்டு வரும் நொய்யலில், பாதாளச் சாக்கடை எட்டாத திருப்பூர்த் தெருக்களின் தண்ணீரும் ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம் வழியாக இன்னும் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.