யாருடைய ரகசியம்?

கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்தில் நல்ல முகூர்த்த நாள் என்றால் ஒரே காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடக்கும். மாலையும் கழுத்துமாக ஜோடிகள் முறைக்குக் காத்து நிற்பார்கள். அவர்களில் பலருக்கும் பத்துப் பொருத்தம் பார்த்திருப்பார்கள். அந்தப் பத்தில் ஒன்றுக்கு யோனிப் பொருத்தம் என்று பெயர். நட்சத்திரத்துக்கு ஒரு விலங்கு. அவள் பசு, அவன் புலி என்றால் ஆகாது. உடலுறவு ஒத்துவருமா என்று பார்க்கிற பொருத்தம் அது என்பது எல்லாப் பெரியவர்களுக்கும் தெரியும். ஜோசியரிடம் இதைக் கேட்க யாருக்கும் வெட்கமில்லை. கல்யாணம் முடிந்து அறைக்குள் நிஜமாகவே ஒரு சிக்கல் வந்தால் மட்டும் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பேச்சு வராது.

இருபதுகளில் இருக்கும் ஆணுக்கு விறைப்பு வராமல் போவது, வந்தாலும் நிற்காமல் போவது பற்றித்தான் சொல்கிறேன். பெண்கள் படிக்கிற புத்தகத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். இந்த வீடுகளில் அவன் உடம்புக்கு விலை கொடுப்பவள் அவள். மூன்றாம் மாதத்தில் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி வருவது அவளிடம். ஒரு வருஷம் போனால் திருக்கருகாவூருக்குப் போய் நெய் வாங்கிச் சாப்பிடச் சொல்வதும், ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போவதும் அவளைத்தான். அறைக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். நெய்யை அவள் சாப்பிடுகிறாள்.

முதலில் உடம்பைப் பேசிவிடலாம், அது எளிது. விறைப்பு என்பது ரத்த ஓட்டம். மூளையிலிருந்து நரம்பு வழியாகச் சேதி போய், ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்து, உள்ளே வந்த ரத்தம் வெளியேறாமல் தங்க வேண்டும். பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். அது அதே குழாய்களைச் சுருக்கிவிடும். இப்போது நம் சாந்தி முகூர்த்தத்தை நினைத்துப் பாருங்கள். பஞ்சாங்கம் குறித்த நேரம், வெளியே விழித்திருக்கும் உறவுக்கூட்டம், காலையில் முகத்தைப் பார்த்தே முடிவுகட்டக் காத்திருக்கும் அத்தைகள். உள்ளே இருப்பவர்கள் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிராத இரண்டு பேர். எந்த உடம்பும் சுருங்குகிற ஏற்பாடு இது. அவள் உடம்பும் பயத்தில் இறுகத்தான் செய்யும், ஆனால் அதை நாணம் என்று சொல்லிவிடுவார்கள். அன்று இரவு அவனுக்கு முடியாமல் போனால் அது நோயில்லை. ஆனால் அவன் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறான். மறுநாள் அந்தத் தோல்வியின் பயத்தோடு வருகிறான், அந்தப் பயமே மறுபடி தடுக்கிறது. இப்படியே மாதங்கள் போகும்.

ஓரிரு முறை நேர்ந்தால், களைப்பிலோ குடித்த இரவிலோ நேர்ந்தால், விட்டுவிடலாம். சில வாரங்களைத் தாண்டியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் தூக்கத்தில் வரும் விறைப்பு வழக்கம்போல் இருந்தால் பெரும்பாலும் குழாயும் நரம்பும் சரியாக இருக்கின்றன, சிக்கல் பதற்றத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதுவும் நின்றுபோயிருந்தால் தள்ளிப்போடக் கூடாது. கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஹார்மோன் குறைவு, புகை, குடி, சில மனநல மாத்திரைகள் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். மாத்திரையைச் சந்தேகித்தால் தானாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். ஆண்குறியின் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அதனால் அடைப்பு சில சமயம் அங்கேதான் முதலில் தெரியவரும், மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பாகவே. அவன் வெட்கப்பட்டு மறைப்பது சில வேளை தன் இதயத்தின் எச்சரிக்கையை. இன்னொன்று, விந்தணு எண்ணிக்கை வேறு, விறைப்பு வேறு. 'ரிப்போர்ட் நார்மல்' என்ற காகிதத்தைக் காட்டிப் பழியை அவள் பக்கம் தள்ளுகிற குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் அவன் போவது மருத்துவரிடமா? பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரிலேயே அவனுக்கு அழைப்பு ஒட்டியிருக்கிறதே. ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, கைப்பழக்கத்தின் விளைவுகள். மாதத்தில் ஒருநாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்கள். விந்து வீணானால் உயிர்ச்சத்தே போய்விடும் என்ற பயத்தை வளர்த்து, அந்தப் பயத்துக்கே லேகியம் விற்கிற வியாபாரம். இந்தப் பயம் இந்திய ஆண்களிடம் ஒரு மனநலச் சிக்கலாகவே இருப்பதை 1960இல் என். என். விக் என்ற மனநல மருத்துவர் எழுதி, அதற்கு 'தாது நோய்க்குறி' என்ற பொருளில் பெயரும் வைத்தார். பாலுறவு வீரியத்தைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை மருந்துகள் மற்றும் மாய நிவாரணச் சட்டம் 1954லேயே தடைசெய்தது. சுவர்கள் அந்தச் சட்டத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. மூலிகை என்று சொல்லி விற்கும் பொட்டலங்களில் சில்டெனாஃபில் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. 1998இல் சந்தைக்கு வந்த அந்த மருந்து மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதையும் சேர்த்து விழுங்கினால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். லேகியத்துக்குக் கொடுக்கிற ஆயிரங்கள் அவள் நகை அடகுக் கடைக்குப் போய் வந்ததாகவும் இருக்கும்.

இனி எனக்குக் கஷ்டமான கேள்வி. இந்த ரகசியம் யாருடையது?

அவன் உடம்பு, அவன் அந்தரங்கம், அதை வெளியே சொல்ல மனைவிக்கு உரிமையில்லை என்று ஒரு வாதம். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம். நம் கருக்கலைப்பும் கருத்தடையும் நம் உடம்பின் விஷயம் என்று சொல்கிற நாம், அவன் உடம்புக்கு மட்டும் வேறு நியாயம் பேச முடியாது. ஆனாலும் அவன் மௌனமாக இருப்பதோடு நிற்பதில்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு வழக்கு. 2023 மார்ச்சில் கல்யாணம் செய்துகொண்ட 27 வயது ஆணும் 26 வயதுப் பெண்ணும் 17 நாளில் பிரிந்தார்கள். உடலுறவு நடக்கவில்லை. அவன் முதலில் பழியை அவள்மேல் போட்டான். பிறகு, தன்னால் அவளோடு மட்டும் முடியவில்லை, மற்றபடி தான் பொதுவாக ஆண்மையற்றவன் அல்ல என்று எழுதிக்கொடுத்தான். இருவரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று குடும்ப நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த இளைஞனுக்கு இருந்த சிரமத்தை நான் குறையாக நினைக்கவில்லை. அதை அவள் தலையில் இறக்கிவைத்த அந்தக் கொஞ்ச காலம்தான் எனக்கு உறுத்துகிறது. உண்மை தெரிந்தவன் பழியை அடுத்தவர்மேல் போட்ட பிறகு, அது அவனுடைய ரகசியம் மட்டுமாக இருக்க முடியாது. மருத்துவரிடம், தன் அம்மாவிடம், தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் அவள் பேசலாம். தெருவில் பேச வேண்டியதில்லை. தன்மேல் விழுந்த பழியைத் துடைக்கிற அளவுக்குப் பேசினால் போதும்.

இதற்கு ஒரு தடாலடித் தீர்வும் நம் மாநிலத்தில் முன்வைக்கப்பட்டது. ஆண்மைக்குறைவு உள்ளிட்டவற்றைக் கண்டறியத் திருமணத்துக்கு முன்பே மருத்துவப் பரிசோதனையை ஏன் கட்டாயமாக்கக் கூடாது என்று 2014இல் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் நீதிபதி என். கிருபாகரன் அரசுகளைக் கேட்டார். ஏமாற்றப்பட்ட பெண்களை நினைத்துக் கேட்ட கேள்வி, அதனால் கேட்டவுடன் பிடித்துப்போகும். சட்டமாகவில்லை, நல்லதுதான். பதற்றத்தில் முடியாமல் போகிறவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தோற்பான். மனைவியிடம் முடியாதவன் அங்கே ஜெயித்து சான்றிதழோடு வருவான். அந்தச் சான்றிதழ் அவள்மேல் பழி போட இன்னொரு காகிதமாகும். அதோடு, உடம்பைச் சோதிக்கும் அதிகாரம் எங்கே திறந்துவிடப்பட்டாலும் கடைசியில் அது பெண்ணின் கால்களுக்கிடையில்தான் போய் நிற்கும். சிதம்பரத்தில் தீட்சிதர் குடும்பங்களின் குழந்தைத் திருமண வழக்குகளில் சிறுமிகளுக்கு இருவிரல் சோதனை செய்ததாக 2023 மே மாதம் ஆளுநர் குற்றம்சாட்டினார், காவல்துறை மறுத்தது. எது உண்மையானாலும், எல்லோரும் சண்டையிட்டது சிறுமிகளின் உடம்பை வைத்துத்தான். அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இருவிரல் சோதனையோடு சேர்த்து, பாலியல் வழக்குகளில் ஆண்களுக்குச் செய்யும் பழைய ஆண்மைச் சோதனையையும் நிறுத்தச் சொன்னது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது சரி.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. "நீயெல்லாம் ஆம்பளையா?" என்று சண்டையில் கேட்கிற பெண்களைப் பார்த்திருக்கிறோம். அடி வாங்குகிறவளுக்குக் கையில் கிடைக்கிற ஒரே கல் அது, எறியாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நாம் அவனுடைய அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறோம். வீரத்துக்கும் விறைப்புக்கும் தமிழில் ஆண்மை என்ற ஒரே சொல். பெண்ணுக்கு விடுதலை வேண்டுமானால் அந்தச் சொல்லே ஒழிய வேண்டும் என்று பெரியார் குடி அரசு நாட்களிலேயே வாதிட்டார். உறுப்பு ஒருநாள் எழாததால் அவன் வீரமும் போய்விட்டது என்று நம்புகிறவன், அந்த வீரத்தை வேறெங்காவது காட்டப் பார்ப்பான். பெரும்பாலும் அவளிடம்.

அவனை மருத்துவரிடம் கூட்டிப்போவது மனைவியின் கடமையா? இல்லை என்றே நினைக்கிறேன். காய்ச்சலுக்குத் தனியாகப் போகத் தெரிந்தவன் இதற்கும் போகலாம். அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவமனையாக இருந்தது இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கடலூரிலேயே அரசுத் தலைமை மருத்துவமனையும் இருக்கிறது. ஓ.பி. சீட்டில் நோயின் பெயர் எழுதத் தேவையில்லை. பொது மருத்துவரிடம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லித் தொடங்கலாம், அவர் யூராலஜிக்கோ மனநலப் பிரிவுக்கோ அனுப்புவார். கூட வர அவளுக்கு விருப்பமிருந்தால் வரட்டும். வந்தால் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல், அவளுக்கு வலி உண்டா, பயம் உண்டா, அவளுக்கு இது வேண்டியிருக்கிறதா என்றும் மருத்துவர் கேட்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.