என்டர் தட்டு!

கை ஏன் நடுங்குகிறது?

ரவுட்டர் காத்திருக்கிறது. கர்சர் துடிக்கிறது. எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஏசிஎல்லில் ஒரே ஒரு ரூல். எழுதியும் விட்டாய். என்டர் தட்டத்தான் விரல் வரவில்லை!

"சீனியர் வரட்டும் சார்." எத்தனை நாளைக்கு இந்தப் பாட்டு? அந்த சீனியர் என்ன, தாய் வயிற்றிலேயே ஏசிஎல் எழுதிப் பழகி வந்தாரா?

"நான் தமிழ் மீடியம்." ரவுட்டர் உன் மார்க் ஷீட்டைக் கேட்டதா?

அது ரூல்களை மேலிருந்து கீழாகப் படிக்கும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ, அதோடு முடிவு. எதுவும் பொருந்தாவிட்டால்? நீ எழுதாமலே கடைசியில் உட்கார்ந்திருக்கும் ஒரு 'டினை' அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறியும். சிஸ்கோ ஏசிஎல்லின் அடிப்படை இவ்வளவுதான். இதைத் தாண்டிய மந்திரம் எதுவும் உன் சீனியரிடம் இல்லை!

அந்தக் கடைசி 'டினை' என்னையும் அடித்திருக்கிறது.

வெளியூர்க் கிளை ஒன்றின் ரவுட்டர். இரவு ஒரு மணி. தொல்லை கொடுத்த ஒரு முகவரியைத் தடுக்க ஒரு வரி எழுதி இன்டர்ஃபேஸில் மாட்டினேன். மற்றவர்களை விடும் 'பெர்மிட்' வரியை எழுதவில்லை. என் எஸ்எஸ்எச் இணைப்பும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. திரை உறைந்தது. கிளையே துண்டாகிவிட்டது!

வாட்ச்மேனை எழுப்பினேன். "அண்ணே, பச்சை லைட் எரியுதே, அந்தப் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." நான் சேவ் செய்திருக்கவில்லை. பழைய கான்ஃபிக்கோடு அது எழுந்துகொண்டது. அதுவரை எனக்கு வேர்த்த வேர்வை இருக்கிறதே!

அன்றைக்கே வேலையை விட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. மறுநாள் 'ரீலோட் இன் 10' கற்றுக்கொண்டேன்.

கை வைப்பதற்கு முன் இதைத் தட்டு. நீ வெளியே மாட்டிக்கொண்டால், பத்து நிமிடத்தில் ரவுட்டர் தானே ரீபூட் ஆகி, சேவ் செய்த பழைய கான்ஃபிக்கோடு திரும்பும். எல்லாம் சரியா? 'ரீலோட் கேன்சல்' கொடு. அதன் பிறகே சேவ் செய். ஜூனிப்பரில் இதற்கு 'கமிட் கன்ஃபர்ம்டு' இருக்கிறது.

பெட்டியைச் செய்தவனே நீ தவறுவாய் என்று தெரிந்து வழி வைத்திருக்கிறான். தவறவே கூடாது என்று உனக்கு மட்டும் யார் சட்டம் போட்டது?

2021 அக்டோபர் 4. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் படுத்துவிட்டன. காரணம், பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை! அதைத் தடுத்திருக்க வேண்டிய மென்பொருளிலும் பிழை. ஆட்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போய் மீட்டார்கள்.

அவர்கள் எழுந்தார்கள். ஒரு வரிப் பிழைக்குப் பயந்து நீ ஏன் வருஷக்கணக்கில் சுருண்டு கிடக்கிறாய்?

"சரியாகத்தான் எழுதினேனா, தெரியவில்லையே!"

தெரியவில்லையா? கவுன்ட்டரைப் பார்! லினக்ஸ் பெட்டியா? எத்தனை பாக்கெட், எத்தனை பைட் என்று ஐபிடேபிள்ஸ் ஒவ்வொரு ரூலுக்கும் தானே எண்ணி வைத்திருக்கும். என்எஃப்டேபிள்ஸ் என்றால் ரூலில் 'கவுன்ட்டர்' என்று நீ எழுத வேண்டும். ஒரு சொல்! அதற்கும் சோம்பலா?

கவுன்ட்டர் பூஜ்யத்திலேயே நிற்கிறதா? "எனக்கு இது வராது" என்று நாற்காலியைத் தள்ளாதே! உட்கார்!

மேலே பார். அகலமான ஒரு ரூல் உன் பாக்கெட்டுகளை முன்னாலேயே விழுங்கியிருக்கலாம். அல்லது, பெட்டியைக் கடந்து போகும் டிராஃபிக்குக்கு ஃபார்வர்டு செயினில் எழுத வேண்டியதை இன்புட் செயினில் எழுதியிருப்பாய். அங்கே அந்தப் பாக்கெட் எட்டியும் பார்க்காது!

கண்டுபிடித்தாயா? ரூலை மேலே ஏற்று, அல்லது ஃபார்வர்டு செயினுக்கு மாற்று. கவுன்ட்டரைப் பூஜ்யமாக்கு. பக்கத்துக் கணினியிலிருந்து பிங் அடி. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

இப்போது பார். பூஜ்யம் இருந்த இடத்தில் 4!

அடுத்த ரூலை எழுது!