அபிஷேகப் பாலின் விலை

அபிஷேகத்துக்குப் பால் வாங்கும்போது மலிவான பாலையே நாம் தேடுகிறோம். சிக்கனம் நல்லதே. ஆனால் அந்த மலிவின் சுமை யார் தலையில் விழுகிறது?

அவுஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு ஜூலையில் பாலுக்கான அரச விலைக்கட்டுப்பாடு நீங்கியது. 2011இல் பெரிய சுப்பர் மார்க்கெட்டுகள் தமது பெயரில் விற்கும் பாலை லீற்றர் ஒரு டொலராக்கின. 2019 வரை அவ்விலை ஏறவில்லை. இடையில் 2017 முதல் நியூ சவுத் வேல்ஸில் கடும் வறட்சி. வைக்கோல் விலையோ ஏறியது. 2000இல் சுமார் 13,000 ஆக இருந்த பாற்பண்ணைகள் 2020இல் சுமார் 5,000 ஆகின.

பசுவைத் தாய் என்கிறோம். அத்தாய்க்குத் தீனி போடுபவரின் உழைப்பைக் குறைவிலைக்குப் பெற்று, அதை நமது காணிக்கை என்று படைக்கலாமா? இரண்டு குடம் ஊற்றுமிடத்தில் ஒரு குடமே ஊற்றினாலும், பண்ணையாளருக்கு உரிய விலை போய்ச்சேரும் பால் எதுவென விசாரித்து வாங்கி ஊற்றுவோமாக.