முதலில் எண்ணு!

"நான் வக்கீல் இல்லையே!"

இதுதானே உன் முதல் சாக்கு?

1979 ஜனவரியில் பீகார் சிறைகளின் நிலையை இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினாரே கே.எஃப். ருஸ்தம்ஜி, அவர் வக்கீலா? இல்லை! போலீஸ் அதிகாரியாக இருந்தவர். விசாரணை முடியாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடப்பவர்களைப் பற்றி எழுதினார். அவ்வளவுதான்.

டெல்லியில் அதைப் படித்தார் கபிலா ஹிங்கோரானி. அவர் வக்கீல்தான். ஆனால் பாட்னாவிலும் முசாபர்பூரிலும் அடைபட்டிருந்த யாரும் அவருக்கு வக்காலத்து கொடுக்கவில்லை.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தாரா? மனுவோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்! அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. குற்றம் நிரூபணமாகியிருந்தால்கூட அத்தனை காலம் தண்டனை கிடைத்திருக்காது என்கிற நிலையில் கிடந்தவர்கள் வெளியே வந்தார்கள். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் சொன்னது.

முதலில் ஒருவர் பார்த்து எழுதினார். மனு அப்புறம்தான் வந்தது.

இன்றைக்கு எழுத ஆள் எங்கே?

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நாலில் மூன்று பேர் தண்டனை பெறாதவர்கள்! தூக்கம் வருகிறதா உனக்கு?

"எங்கள் ஊர் சின்ன ஊர், இங்கிருந்து என்ன செய்ய முடியும்?" என்கிறாய்.

கையில் போன் இருக்கிறதா? இ-கோர்ட்ஸ் தளம் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது. காசு கேட்பதில்லை. ஜாமீன் உத்தரவை இறக்கு. படி. ஓர் அட்டவணை போட்டு அதன் கட்டங்களை நிரப்பு. ரிமாண்ட் தேதி. சட்டப் பிரிவு. ஜாமீன் கிடைத்த தேதி. ஜாமீன்தாரர் எத்தனை பேர். தொகை எவ்வளவு.

பெயரை மட்டும் எங்கும் பகிராதே. வழக்கு எண் போதும்.

தொகைக் கட்டத்தில் கொஞ்சம் நில். ஏழையும் பணக்காரனும் பிரிகிற இடம் அதுதான்!

கூலிக்காரனுக்காக வீட்டுவரி ரசீதைத் தூக்கிக்கொண்டு கோர்ட் வாசலில் நிற்க எந்த இரண்டு பேர் வருவார்கள்? 1978-ல் மோதிராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன். சகோதரர் வந்தார். உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார் மாஜிஸ்திரேட். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கொதித்துப்போனார். தூரத்து ஊரில் கைதாகிற தமிழனும் மலையாளியும் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்கள் என்று தீர்ப்பிலேயே கேட்டார்.

ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடக்கிறதா? யார் பார்ப்பது? நீதான்!

"எனக்கு இங்கிலீஷ் வராதே..." வராதா, பயமா? ஜாமீன் உத்தரவில் அதே சில சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பத்து உத்தரவு படி. பதினொன்றாவது உன்னிடம் பேசும்!

கணக்கு வராதா? திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், வேறு வழக்கில்லாதவர், மூன்றில் ஒரு பங்கு உள்ளே கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு. மூன்றை மூன்றால் வகுக்கத் தெரியாதா உனக்கு?

தப்புச் செய்வாய். செய்! நானும் செய்தேன்.

ரிமாண்ட் தேதிக் கட்டத்தில் உத்தரவுத் தேதியைப் போட்டு 40 வரிசை ஏற்றிவிட்டேன். சரிபார்த்த தங்கை அத்தனையையும் சிவப்பாக்கித் திருப்பி அனுப்பினாள். ராத்திரி பதினொன்றரை. திரை முழுக்கச் சிவப்பு. விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது.

ஓடவில்லை. 40-ஐயும் மறுபடி திறந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது! ஒரே வழக்கு. ஒரே எதிரி. குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று உத்தரவுகள். முதலில் 25,000. அப்புறம் 10,000. அப்புறம் 5,000. நடுவே நான்கு மாதம் ஓடியிருந்தது. அந்த நான்கு மாதமும் காகிதத்தில் அவர் ஜாமீன் கிடைத்தவர்!

முதல் தடவை அதை நான் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தேன். சிவப்பு விழாவிட்டால் தெரிந்தே இருக்காது.

இன்றைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் கொடு. உன் மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டைத் தேர்ந்தெடு. ஓர் உத்தரவைத் திற.

தொகை எவ்வளவு? ஜாமீன்தாரர் எத்தனை பேர்? அவர் வெளியே வந்துவிட்டாரா?

எழுது!