வாயில்லா ஜீவன்களுக்குச் செய்யும் தர்மம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

நம்மவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. கடையில் மிஞ்சிய சோற்றையோ ரொட்டியையோ குப்பையில் கொட்ட மனம் வராது. சிராங்கூன் ரோட்டுப் பின்சந்துகளில் புறாக்களுக்கு அதை இறைத்துவிட்டு, "இன்று ஒரு ஸதக்கா செய்தோம், வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும்" என்று மனநிறைவோடு கடையைத் திறப்பவர்கள் உண்டு. விடுமுறை நாளில் பிள்ளைகளை மண்டாய்ப் பக்கம் அழைத்துப் போகிறவர்கள், குரங்குக்கு வாழைப்பழமும், மான் தென்பட்டால் அதற்கு ரொட்டியும் எடுத்துப் போவதுண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால் நல்ல எண்ணம் மட்டும் போதுமா? நாம் வியாபாரிகள். நல்ல சரக்கைத் தவறான படிக்கல்லால் நிறுத்துக் கொடுத்தால் அது நேர்மையான வியாபாரம் ஆகுமா? தர்மத்துக்கும் ஒரு படிக்கல் உண்டு. அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

ஜீவகாருண்யம் நமது மார்க்கத்துக்கு வெளியிலிருந்து வந்ததன்று. தாகத்தால் நாக்குத் தொங்கி நின்ற நாய்க்குத் தன் காலணியால் தண்ணீர் மொண்டு கொடுத்த பாவியான ஒரு பெண்ணின் பாவம் மன்னிக்கப்பட்டதென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பூனையொன்றைக் கட்டிவைத்துச் சாகவிட்ட இன்னொரு பெண் நரகத்துக்கு உரியவளானாள் என்றும் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரு கிரந்தங்களிலும் வந்துள்ள ஹதீதுகள் இவை. இரண்டாவது ஹதீதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவள் மீது சாட்டப்பட்ட குற்றம் இரண்டு. பூனைக்குத் தானும் தீனி போடவில்லை. பூமியில் ஊர்வனவற்றைப் பிடித்துத் தின்னும்படி அதை அவிழ்த்துவிடவும் இல்லை. ஆகவே கட்டிவைத்த பிராணிக்குத் தீனி கொடுப்பது கடமை. கட்டில்லாத பிராணியை, அல்லாஹ் அதற்கு வைத்திருக்கும் இரையைத் தேடும்படி விட்டுவிடுவதே தர்மம். இதுதான் அந்தப் படிக்கல்.

இதே பாடத்தை நம் தமிழ்ச் சீறாப்புராணமும் எடுத்துரைக்கிறது. கீழக்கரை வள்ளல் சீதக்காதி மரைக்காயரும், பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் ஆதரிக்க, உமறுப்புலவர் இயற்றிய காப்பியம் அது. வியாபாரிகளின் பொருளால் பிறந்த நூல் என்று நாம் பெருமை கொள்ளலாம். அதில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒரு பகுதி உண்டு. வேடனின் வலையில் ஒரு பெண்மான் சிக்கிக்கொண்டது. கன்றுக்குப் பாலூட்டித் திரும்பிவர அனுமதி வேண்டும் என்று அது நாயகத்திடம் முறையிட்டது. வேடன் நம்பவில்லை. "மான் வராவிட்டால் அதற்கு நானே ஈடு" என்று நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நின்றார்கள். இனமெல்லாம் தடுத்தும் கேளாமல், சொன்ன சொல் தவறாது, மான் தன் கன்றோடு திரும்பி வந்தது. வேடன் மனமிளகி இஸ்லாத்தைத் தழுவி, மானையும் விடுதலை செய்தான்.

சகோதரர்களே! கட்டுண்ட மானுக்குப் புல் கொண்டுவரச் சொல்லி நாயகம் அந்த இடத்தோடு முடித்துவிடவில்லை. அது காட்டுக்குப் போய்த் தன் கன்றைத் தானே ஊட்டும் உரிமையைத் தம்மையே ஈடுவைத்து வாங்கிக் கொடுத்தார்கள். மானுக்கு வேண்டியது நமது ரொட்டியன்று; அதன் காடும் அதன் சுதந்திரமுமே.

பூமியில் ஊர்ந்து திரியும் எந்த உயிருக்கும் ரிஸ்க் அளிக்கும் பொறுப்பு அல்லாஹ்வுடையது என்று திருமறையின் ஹூது அத்தியாயம் அறிவிக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு கூட்டைவிட்டுப் புறப்பட்டு மாலையில் வயிறு நிறைந்து திரும்பும் பறவைகளைத் தவக்குலுக்கு உதாரணமாக நாயகம் காட்டினார்கள். அந்தப் பறவையும் கூட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. இரை தேடிப் பறந்தது. அதைப் பின்சந்தில் கையேந்த வைப்பது நாம் அதற்குச் செய்யும் உபகாரமா?

மானின் வயிறு ஆடுமாட்டின் வயிற்றைப் போல நான்கு அறை கொண்டு அசைபோடுவது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதன் முதல் அறையில் இலை தழைகளைப் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. திடீரென ரொட்டியும் சோறும் அதிகமாய் விழுந்தால் புளிப்பு மிஞ்சி, வயிறு உப்பி, பிராணி சாகவும் கூடும். ஊரில் கலியாண வீட்டுச் சோற்றுக் குவியலில் வாய்வைத்த மாடு மறுநாள் துடித்து விழும் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்த விஷயமே. சோற்றோடு போகும் பிளாஸ்டிக் பை இன்னும் கொடியது. ஜப்பான் தேசத்து நாரா நகரில் மான்களுக்கென்றே தவிடும் மாவும் சேர்த்து, சர்க்கரையில்லாத பிஸ்கட் செய்து விற்கிறார்கள். அப்படியிருந்தும் 2019ஆம் ஆண்டு அங்கே இறந்த மான்களில் 14ஐப் பரிசோதித்தபோது 9இன் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. ஒன்றின் வயிற்றில் மட்டும் 4.3 கிலோ! கொடுத்தவர்கள் எல்லாரும் அன்போடு கொடுத்தவர்களே.

நமது சிங்கப்பூரிலும் மான் உண்டு. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்தார் மிளா என்று சொல்லும் கடமான் அது. முன்பு இங்கே வேட்டையில் அற்றுப்போன இனம், 1970களில் மிருகக்காட்சிசாலையிலிருந்து தப்பிய சில மான்களால் மீண்டும் பெருகி மண்டாய்க் காட்டோரம் உலவுகிறது. தீனிக்குப் பழகிய மான் சாலையோரம் வந்து நிற்கும். கார் வெளிச்சத்தில் மிரண்டு குறுக்கே பாயும். வளர்ந்த கடா 200 கிலோவுக்கும் மேல் நிறைகொண்டது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஓர் ஏழைத் தொழிலாளி அதன்மீது மோதினால் என்ன ஆகும்? பாதையில் கிடக்கும் தடையை அகற்றுவதை ஸதக்கா என்ற மார்க்கத்தில் இருந்துகொண்டு, நாமே பாதையில் தடையை வரவழைக்கலாமா? பிராணிகள் சாலையில் இறங்காமல் கடந்து போவதற்கென்றே புக்கிட் தீமா விரைவுச்சாலையின் மேல் 2013இலும் மண்டாயில் 2019இலும் மரங்கள் நட்ட பாலங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. நாம் போடும் தீனி அவற்றைத் திரும்பவும் சாலைக்கே இழுக்கும்.

2020ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் இந்நாட்டில் காட்டு உயிர்களுக்குத் தீனி போடுவது குற்றம். புறாவும் இதில் அடங்கும். முதல் தடவை 5,000 வெள்ளி வரையிலும், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரையிலும் அபராதம் உண்டு. "தர்மத்தைத் தடுக்கும் சட்டமா?" என்று சிலர் கேட்கலாம். மதீனா நகரைச் சூழ்ந்த பூமியை ஹரமாக்கி, அங்கே மரத்தை வெட்டவும் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாதென்று தடுத்தவர்கள் நமது நாயகம் அல்லவா? வாயில்லா ஜீவன்களைக் காக்க விதி செய்வது நமக்குப் புதியதன்று. மேலும், கொடுத்த தர்மத்தைத் துன்பம் செய்து பாழாக்கிவிடாதீர்கள் என்பது திருமறையின் கட்டளை. நாம் இறைத்த சோற்றுக்கு வந்த புறா, அடுத்த கடைக்காரரின் அரிசி மூட்டையிலும் மாடிவீட்டுக்காரர் காயவைத்த துணியிலும் எச்சமிடுகிறது. எஞ்சியதைத் தின்ன எலி வருகிறது. அண்டைவீட்டாரின் ஹக்கைப் பறித்துச் சம்பாதித்த நன்மையை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

ஆகவே செய்யத் தக்கவை இவை.

ஒன்று: மிஞ்சிய உணவு நல்லதாயிருந்தால் முதலில் மனிதருக்குக் கொடுங்கள். நம் கடை வாசல் அஞ்சடியிலேயே பசித்த தொழிலாளர் நடந்து போகிறார்கள்.

இரண்டு: வீட்டில் வளர்க்கும் கிளி, பூனை, மீன் ஆகியவற்றுக்கு வேளை தவறாது தீனியும் தண்ணீரும் வையுங்கள். அவை உங்கள் கையில் இருக்கும் அமானிதம். தெருப்பூனைக்கு உணவு வைக்கத் தடையில்லை. ஆனால் அது தின்று முடித்ததும் மீதியை அள்ளி இடத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

மூன்று: மிருகக்காட்சிசாலையில் தீனி கொடுக்க அனுமதிக்கும் இடத்தில், அங்குள்ளவர் தரும் தீனியை, அவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள். வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள்.

நான்கு: காட்டோரம் மானைக் கண்டால் எட்ட நின்று பாருங்கள். காரை மெதுவாக ஓட்டுங்கள். அடிபட்டுக் கிடந்தால் தொடாமல் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள்.

ஐந்து: தீனி போட ஆசையிருந்தால் மரம் நடுங்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ தின்றால் அது அவனுக்கு ஸதக்காவாகும் என்பது நாயகத்தின் சுபசெய்தி. 2030ஆம் ஆண்டுக்குள் பத்து லட்சம் மரம் நடும் இயக்கம் இந்நாட்டில் 2020 முதல் நடந்து வருகிறது. அதில் பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ளுங்கள். இன்று வீசும் ரொட்டி இன்றோடு தீரும். மரமோ நாம் கபுரில் இருக்கும்போதும் வட்டியின்றி லாபம் தரும் முதல்.

யா அல்லாஹ்! எங்கள் இரக்கத்தோடு அறிவையும் சேர்த்தருள்வாயாக! எங்கள் தர்மத்தால் எந்த ஜீவனுக்கும் துன்பம் நேராமல் காப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.