கூட்டம் என்பது யார்?

ஹவுரா இரயில் நிலையத்திலிருந்து வெளிவந்து, 1943-இல் திறக்கப்பட்ட அப்பெரும் பாலத்தில் முதன்முறையாகக் கால் வைத்தபோது, கொல்கத்தா நமக்கு ஒரு மக்கள் வெள்ளமாகவே தோன்றியது. முகங்கள் தெரியவில்லை. "எத்துணைக் கூட்டம்!" என வியந்து நடைபாதையின் நடுவே நின்றுவிட்டோம்.

பாலத்தடியிலுள்ள மல்லிக் காட் பூச்சந்தையிலிருந்து தலைச்சுமையோடு வந்த முதியவர் ஒருவர், நம்மால் நடை தடைப்பட்டு, கழுத்து நடுங்க விலகிக் கடந்தார். அவர் ஏசவில்லை; திரும்பிப் பார்க்கவுமில்லை. பாரம் அதற்கு இடந்தரவில்லை.

அப்போதுதான் நமக்கு உறைத்தது: அவருக்கு நாமே கூட்டம்! மனிதரைத் திரளாக மட்டும் காணும் கண்ணுக்கு ஒருவர்தம் சுமை புலப்படுவதில்லை. புதிய நகரில் நம் முதற்கடமை வியந்து நிற்பதன்று. சுமப்பவர்க்கு வழிவிடுவதே அன்றோ?