விரும்பிப் போன வழியும் விரட்டப்பட்ட வழியும்

ஒரே துன்பம் ஒருவருக்கு விரதமாகவும் இன்னொருவருக்குப் பட்டினியாகவும் இருப்பது ஏன்? கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கும் அடியாரின் வயிறும், அடுப்பில் ஏற்ற அரிசியில்லாத வீட்டுப் பிள்ளையின் வயிறும் ஒரே மாதிரித்தான் எரிகின்றன. ஆயினும் முன்னதை நாம் புண்ணியம் என்கிறோம். பின்னதைக் கொடுமை என்கிறோம். இக்கேள்வி சமய வகுப்பிலே எழ வேண்டியது. எனக்கு அது எழுந்ததோ நெடுஞ்சாலையில், வாடகைக்கு எடுத்த ஒரு மோட்டார் வீட்டினுள்.

கியூபெக் மாகாணத்தில் யூலை மாதக் கடைசியில் இரண்டு வாரம் கட்டடத் தொழிலாளர் விடுமுறை வருகின்றது. மாகாணத்தில் பாதிப்பேர் அப்போது தெருவில் இறங்கி விடுகிறார்கள். மொன்ட்ரியால்-நோரில் எங்கள் பக்கத்து வீதிகளில்கூட மோட்டார் வீடுகள் நின்று சாமான் ஏற்றுவதைக் காணலாம். ஆங்கிலேயர் ஆர்.வி. என்பதும் பிரெஞ்சுக்காரர் வே-எர் என்பதும் இதனைத்தான். ஒரு லொறியின் முதுகில் குசினி, கட்டில், மேசை, மலசலகூடம் எல்லாவற்றையும் அடக்கி வைத்திருப்பார்கள். பல ஆண்டுகளாக இதனை வேடிக்கை பார்த்த எனது பிள்ளைகள், ஒரு முறையாவது போக வேண்டும் என்று நின்றார்கள். விடுமுறை நெரிசல் குறைந்தபின், 2023 ஆகஸ்ட் மாதத்தில், நியூபவுண்லாந்து வரை போய் வருவதென்று தீர்மானித்தோம். போக வர ஏறக்குறைய 5,000 கிலோமீற்றர், பதினாறு நாட்கள், மூன்று தலைமுறை, ஆறு பேர்.

எனது தாயாரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இதுதான்: "ஏன் மோனை, வீடு வாசல் இருக்கேக்கை, காசு குடுத்து றோட்டிலை கிடக்கப் போறியளே? நாங்கள் கிடந்தது காணாதே?"

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கான மக்களில் அவரும் ஒருவர். மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி, ஓரடி வைக்க ஒரு நிமிடம் காத்து நின்று நடந்த இரவு அது. பதினைந்து வயதில் அவர் பக்கத்தில் நானும் நடந்தேன். ஆகவே அவரது கேள்வியைக் கிழவியின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியவில்லை. அதற்குள் ஓர் அறக் கேள்வி இருக்கின்றது. ஊரிலே சனம் வேறு வழியின்றி அனுபவித்ததை நாம் பணம் கொடுத்து விளையாட்டாகச் செய்து பார்ப்பது முறையா? அது அவர்கள் பட்ட பாட்டை எள்ளி நகையாடுவது போலாகாதா?

அம்மா கடைசியில் வரச் சம்மதித்தார். பேரப்பிள்ளைகளைத் தனியே விட மனம் வரவில்லை என்பதே அவர் சொன்ன காரணம்.

மோட்டார் வீட்டில் மூன்று தாங்கிகள் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் கழுவிய தண்ணீர், மூன்றாவதில் மலசலம். முதலாவது வற்றிக்கொண்டும் மற்ற இரண்டும் நிரம்பிக்கொண்டும் இருக்கும். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் பிள்ளைகள், இரண்டாம் நாளே ஒரு கோப்பைத் தண்ணீரின் பெறுமதியை அறிந்துகொண்டார்கள். மூன்றாம் நாள், நியூபிரன்சுவிக்கில், கழிவு நீர் வெளியேற்றும் பழைய குழாய் வெடித்தது. அதன் விபரத்தைக் கோயில் மலரில் எழுதுவது தகாது. ஐந்தாம் நாள் மழைக்குள் தங்கக் கிடைத்த ஒரே இடம் சரிவாக இருந்தது. காஸில் இயங்கும் இந்தக் குளிர்சாதனப் பெட்டிகள் வண்டி சாய்ந்து நின்றால் ஒழுங்காக வேலை செய்யா. விடிய எழும்பினால் பருப்பும் தயிரும் பழுதாகியிருந்தன. அன்றைக்கு முழுவதும் பாணும் சம்பலும்தான். நோர்த் சிட்னித் துறைமுகத்தில் கப்பல் ஏறி, ஏழு மணித்தியாலத்தின் பின் போர்ட்-ஓ-பாஸ்க்கில் இறங்கி, தீவின் நடுவே போய்க்கொண்டிருக்கையில் பின்புற இரட்டைச் சில்லுகளில் ஒன்றின் ரயர் பெரும் சத்தத்துடன் கிழிந்தது. அம்மா அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கீழே குனிந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி வரவுப் பக்கம். விடியற்காலை நான்கரை மணிக்கு, எவரும் எழும்பாத வேளையில், கடற்கரையோரம் நின்று குடித்த தேத்தண்ணி. வண்டிக்குள் அவித்த பிட்டின் வாசனைக்குப் பக்கத்து வண்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்தது. மேட்டுநிலத்தில் தானாக விளைந்து கிடந்த நீலப்பழங்களை அம்மா குனிந்து குனிந்து ஆய்ந்தது. அதைத் தின்று நாக்கு நீலமானபோது, நாவற்பழம் தின்ற காலத்தை அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்காத இரவுகளில் பிள்ளைகள் கதை கேட்டார்கள். 1995இல் ஒரு வாளித் தண்ணீரில் நான்கு பேர் எப்படிக் குளித்தார்கள் என்பதை அவர் செய்தே காட்டினார். மொன்ட்ரியால்-நோர் வீட்டில் இருபது ஆண்டுகளாக வாய் திறக்காத விடயங்களை, தண்ணீர் குறைந்த ஒரு பெட்டிக்குள் இருந்து கொண்டு அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார்.

பத்தாம் நாள் நான் அவரிடம், "அம்மா, கஷ்டமாக் கிடக்கே?" என்று கேட்டேன். "இதென்ன கஷ்டம்? நாளைக்கு எங்கை போறம் எண்டு தெரியும் தானே" என்றார்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் விடை அது.

விரதத்துக்கும் பட்டினிக்கும் உள்ள வேறுபாடு, ஒன்றை நாமே தெரிவு செய்கிறோம் என்பதுதான் எனப் பொதுவாகச் சொல்வோம். இது முழு விடையன்று. கொள்ளிக்கட்டைக்குப் பயந்து கிணற்றில் குதிப்பவனும் ஒரு தெரிவைச் செய்கிறான். கள்ளக் கப்பலில் ஏறிய எம் இளைஞர்களும் தாமாகவே ஏறினார்கள். தெரிவைக் காட்டிலும் பெரிய வேறுபாடு முடிவு தெரிவது. விரதத்துக்குப் பாறணை உண்டு. ஏழாம் நாள் காலை உண்போம் என்ற உறுதி, ஆறு நாட் பசியின் தன்மையையே மாற்றி விடுகின்றது. பட்டினிக்குப் பாறணை இல்லை. எங்கள் மோட்டார் வீட்டை ஒப்படைக்கும் நாள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது; வீட்டுத் திறப்பு எனது சட்டைப்பையில் இருந்தது. 1995இல் அம்மாவின் இடுப்பிலும் ஒரு திறப்பு இருந்தது. ஆனால் எந்த நாளில் அந்தக் கதவைத் திறப்போம் என்பதை அவருக்கு எவராலும் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது வேறுபாட்டை நான் அறிந்தது ரயர் கிழிந்த இடத்தில். பிக்-அப் வண்டியில் வந்த ஒரு முதியவர் தாமாகவே நிறுத்தினார். பழுது பார்ப்பவர் வரும்வரை இரண்டு மணித்தியாலம் எங்களோடு நின்றார். தமது பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைக்கூடத் தேநீர் கொடுத்த பின்புதான் கேட்டார். வழியில் நிற்பவனுக்கு இன்னொருவர் நின்று கொடுத்தால் அவனது இடர் அரைவாசியாகி விடுகின்றது. எவரும் நில்லாவிட்டால் அதே இடர் அநாதைத்தனமாகி விடுகின்றது.

எமது முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்து வீட்டு வாசலில் கூரை போட்ட சங்கடப் படலை, வீட்டுக்காரருக்காக மட்டும் கட்டப்பட்டதன்று. மழைக்கும் வெயிலுக்கும் வழிப்போக்கர் ஒதுங்கவும், தண்ணீர் குடிக்கவும் அமைந்தது. பருத்தித்துறையில் தெருவையே மூடிக் கட்டிய தெருமூடி மடம் இருக்கின்றது. தலைச்சுமையை எவர் உதவியும் இன்றி இறக்கி ஏற்றச் சுமைதாங்கிக் கற்களை நட்டார்கள். மாடுகள் உடம்பு தேய்க்க ஆவுரோஞ்சிக் கல்லும் நட்டார்கள். பெரிய புராணத்தில் அப்பூதியடிகள் அப்பர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார். திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசித்து இளைத்த அப்பருக்கு, இறைவனே குளமும் சோலையும் அமைத்துப் பொதிசோற்றுடன் காத்திருந்தார். சந்நிதியிலே காட்சி கொடுக்கும் இறைவன் பாதிவழியில் சோற்றுப் பொதியோடு ஏன் நிற்க வேண்டும்? வழியில் நிற்பவனைக் கவனிப்பதும் வழிபாட்டின் பகுதி என்பதற்காகவே என நான் நினைக்கிறேன்.

நியூபவுண்லாந்துக்குப் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தீவின் தென்கோடியில் சென்ற் சொட்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி அதற்கு அப்பால் கடலில், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவக் கப்டன் கஸ் டோல்ற்றன் கண்டு காப்பாற்றினார். மேற்கு ஜேர்மனியின் பிராக்கெ துறைமுகத்தில் ஏற்றி வந்த ஒளரிகே என்ற கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவோம் என்ற அச்சத்தில், தாம் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் கூறினர். உண்மை வெளிவந்தபோது நாட்டில் பலர் கோபித்தார்கள். எனினும் இங்கு தங்கி வேலை செய்ய அரசாங்கம் ஓராண்டு அனுமதி வழங்கியது. அவர்கள் மொன்ட்ரியாலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தனர். எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 2010இல் சன் சீ கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்த 492 பேரில் பலர் மாதக்கணக்கில் தடுப்புக் காவலில் இருந்தார்கள்.

நாங்கள் சென்ற் சொட்ஸ் போன அன்று கடலைக் காணவே முடியவில்லை. முழுவதும் மூடுபனி. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அம்மா மட்டும் வண்டியை விட்டு இறங்கி, கைகூப்பி, சற்று நேரம் நின்றார். கஸ் டோல்ற்றன் அன்றைக்கு யார் எவர் என்று விசாரித்து விட்டுத்தான் கைகொடுப்பேன் என்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் மூத்த மகளுக்குச் சொன்னேன். பதினாறு நாளில் அவளுக்குக் கிடைத்த பாடங்களில் அதுவே பெரிது என எண்ணுகிறேன்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். வசதியுள்ளவன் வசதியின்மையை விளையாட்டாகச் செய்து பார்ப்பது முறையா? விரதத்துக்கு நாம் என்ன அளவுகோல் வைக்கிறோமோ அதையே இதற்கும் வைக்கலாம். ஆறு நாள் பசித்திருந்து, ஏழாம் நாள் பத்துக் கறியோடு உண்டு, பசித்த இன்னொருவனை நினையாமல் உறங்குபவனின் விரதம் உடம்புக்கு ஓய்வு, அவ்வளவுதான். அன்னதானத்தையும் மாகேசுர பூசையையும் எம் முன்னோர் வழிபாட்டோடு சேர்த்து வைத்தது காரணமில்லாமலன்று. நாமாக ஏற்ற பசி, பிறர் பசியை அறியும் வாசலாக வேண்டும். பயணமும் அப்படியே. குறைந்த தண்ணீரும் இறுகிய இடமும் நமக்கு வெறும் வேடிக்கையாக முடிந்தால், அம்மா சொன்னது சரி. வேறு ஒருவருக்கு நாம் நின்று கொடுக்கும் பழக்கத்தை அது தந்தால், அந்தச் செலவு வீணன்று.

இதற்கு நியூபவுண்லாந்து வரை போகத் தேவையில்லை. 2017 ஆகஸ்டில் அமெரிக்க எல்லையைக் கடந்து நடந்து வந்த அகதிகளுக்காக, பி-நஃப் வீதியில் உள்ள ஒலிம்பிக் விளையாட்டரங்கில் படுக்கைகள் போடப்பட்டன. அவர்களிற் பலர் ஹெயிற்றி நாட்டவர். அதே வீதிதான் வடக்கே மொன்ட்ரியால்-நோருக்கு வருகின்றது. எங்கள் மாடிப்படியில் அவர்களைச் சந்திக்கிறோம். "இவையள் எல்லாம் ஏன் வருகினம்" என்று எம்மவர் சிலர் முணுமுணுப்பதையும் கேட்கிறோம். 1986இல் எங்களைப் பற்றிச் சொல்லப்பட்டதும் அதே வாசகம்தான்.

எம்மிடையேயும் புதிதாக வந்தவர்கள் இருக்கிறார்கள். வழக்கு முடியாமல், குடும்பத்தைப் பிரிந்து, நிலக்கீழ் அறையில் இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை டொலார்-டே-ஓர்மோ திருமுருகன் கோயிலுக்குப் போவதென்றால், எங்கள் பகுதியிலிருந்து பஸ்ஸும் மெற்றோவும் மாறி மாறி நெடுநேரம் பிடிக்கும். அதே மாலை எங்கள் வான்களில் இரண்டு, மூன்று இருக்கைகள் வெறுமையாகப் போய் வருகின்றன. சுமைதாங்கிக் கல் நடுவதற்கு இந்த நாட்டில் நகரசபை அனுமதி வேண்டும்; அந்த இருக்கையைக் கொடுப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

ஊர் திரும்பியபின் எங்கள் வீட்டில் அவ்வாறே செய்து வருகிறோம். ஏற்பாடு அம்மாவுடையது. வெள்ளிக்கிழமை எத்தனை பேர், எந்த மூலையில் நிற்பார்கள் என்பதை அவரே தொலைபேசியில் விசாரித்து வைக்கிறார். அடுத்த கோடையில் மோட்டார் வீட்டில் எங்கே போவது என்பதையும் அவர்தான் இப்போது கேட்கிறார். வழி நடப்போர் எல்லாருக்கும் கந்தவேள் துணை நிற்பாராக.